லூசிபரும் கணக்குக் கேட்டவர்களும்

தமிழ்க் கிறிஸ்தவ மேடைகளில் லூசிபருக்கு மறுபடி மவுசு கூடியிருக்கிறது. கன்வென்ஷன், உபவாச ஜெபம், வாலிபர் முகாம், யூடியூப் செய்தி என்று எங்கு திரும்பினாலும் அவன் விழுந்த கதைதான். பரலோகத்தின் அழகான தூதன், ஆராதனையை நடத்தியவன், பெருமை தலைக்கேறி உன்னதமானவருக்குச் சமமாவேன் என்று எழும்பினான், தூதர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டான், மிகாவேலிடம் தோற்றுப் பூமிக்குத் தள்ளப்பட்டான். கேட்டவர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். செய்தியின் கடைசிப் பகுதிக்கு வரும்போது பிரசங்கியாரின் குரல் தாழ்கிறது, பின்னால் கீபோர்டு மெல்லத் தொடங்குகிறது. "இந்தச் சபைக்குள்ளேயும் ஒரு லூசிபர் ஆவி உலாவுது" என்கிறார். முறுமுறுப்பவர், கேள்வி கேட்பவர், ஊழியக்காரரைப் பற்றிப் பேசுபவர் எல்லாரும் அந்த ஆவியின் பிடியில் இருப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. சபைகளில் ஒழுங்கு குலைந்துவிட்டது, இளையவர்கள் மூத்தவர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள், கலகத்தின் முடிவு என்ன என்பதை அவர்களுக்கு நினைவூட்ட இதைவிடத் தெளிவான பாடம் வேதத்தில் இல்லை என்கிறார்கள். படித்தவர்கள், இறையியல் கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த நியாயம் தவறானது மட்டுமில்லை, வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது என்று நெடுநாளாக நினைத்துவருகிறேன்.

சாத்தானின் வீழ்ச்சியைப் பற்றிய போதனையின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தீமை கடவுளோடு சரிக்குச் சரி நிற்கும் இன்னொரு ஆதி சக்தி என்ற எண்ணத்தை இது அடியோடு மறுக்கிறது. பிசாசுகளும் கடவுளால் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தங்கள் செயலாலேயே தீயவை ஆயின என்று 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் வரையறுத்தது. இருளும் ஒளியும் இரண்டு ராஜ்யங்கள் என்று போதித்த மனிகேயரோடு ஒன்பது ஆண்டுகள் அலைந்த அகஸ்தீனுக்கு இதன் அருமை தெரிந்திருந்தது. பெருமையே எல்லாப் பாவத்துக்கும் வேர் என்பதை இவ்வளவு ஆழமாகச் சொன்ன போதனைகள் குறைவு. தேர்ந்துகொள்ளும் சுதந்தரத்துக்கு விளைவு உண்டு என்ற எச்சரிக்கையும் தேவைதான்.

லூசிபர் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஏசாயா 14ஆம், எசேக்கியேல் 28ஆம் அதிகாரங்கள் உண்மையில் சாத்தானைப் பற்றியவையா என்ற பழைய வழக்கையும் நான் இங்கே கிளறப்போவதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் அப்படித்தான் வாசித்தார். கால்வின் தமது ஏசாயா விளக்கவுரையில் அந்த வாசிப்பை அறியாமை என்று தள்ளினார். இரண்டு பக்கமும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த அதிகாரங்கள் பேசும் ராஜாக்களின் நிழலில் சாத்தான் தெரிகிறான் என்று வைத்துக்கொண்டாலும் என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.

அந்த வசனங்கள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பதுதான் என் ஆட்சேபம். ஏசாயா 14 பாபிலோன் ராஜாவின்மேல் பாடப்பட்ட வசைப்பாட்டு. நான்காம் வசனமே அதை அப்படித்தான் சொல்கிறது. நட்சத்திரங்களுக்கு மேலே சிங்காசனம் போட நினைத்தவன் செய்த குற்றங்களை அந்த அதிகாரம் வரிசையாகச் சொல்கிறது: உலகத்தை வனாந்தரமாக்கினான், பட்டணங்களை இடித்தான், சிறைப்பட்டவர்களை வீட்டுக்கு விடவில்லை. அவன் விழுந்ததும் லீபனோனின் கேதுரு மரங்கள்கூட மகிழ்கின்றன, இனி வெட்ட ஆள் வரமாட்டான் என்று. போர்க் கருவிகளுக்கும் அரண்மனைகளுக்கும் காடுகளை மொட்டையடித்த பேரரசுகளைப் பார்த்தவர்கள் பாடிய பாட்டு அது. மிதிபட்டவர்கள் மிதித்தவனைப் பார்த்துப் பாடியது.

எசேக்கியேல் 28உம் அப்படியே. அது தீருவின் அதிபதிக்கும் ராஜாவுக்கும் எதிரானது. முந்தைய அதிகாரத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. அதில் தீருவின் வியாபாரப் பட்டியல் இருக்கிறது: தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், மற்ற இடங்களிலிருந்து யானைத்தந்தம், கருங்காலி, ஆட்டுக்குட்டிகள், நடுவே, சரக்கோடு சரக்காக, மனிதர்கள். அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள். அதற்குப் பிறகுதான் 28ஆம் அதிகாரம் வருகிறது. வியாபாரத்தின் மிகுதியால் உனக்குள் கொடுமை நிறைந்தது என்பதும், நேர்மையற்ற வாணிகத்தால் பரிசுத்த ஸ்தலங்களையே கெடுத்தாய் என்பதும் அங்கே சொல்லப்படும் குற்றம். கேருபின் அழகையும் ஏதேனின் ரத்தினங்களையும் மணிக்கணக்கில் வர்ணிக்கும் செய்திகளில் இந்தக் குற்றச்சாட்டு ஏன் காணாமல்போகிறது? அந்த அதிகாரத்தில் தமிழ் வேதாகமம் மேளத்தையும் நாகசுரத்தையும் குறிப்பிடுவதை வைத்து, லூசிபர் பரலோகத்தின் பாடகர் குழுத் தலைவன் என்று கதை கட்டி, சபைப் பாடகர் குழுவில் இருக்கும் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். அந்தச் சொற்கள் ரத்தினம் பதிக்கும் வேலைப்பாட்டைக் குறிக்கின்றன என்று கொள்ளும் மொழிபெயர்ப்புகளும் உண்டு. ஆனாலும் கிடைத்த ஒரு மேளத்தை வைத்து ஒரு பரலோகக் கச்சேரியே நடத்திவிட்டார்கள்.

இன்னும் இரண்டு வசனங்கள் இந்தச் செய்திகளில் தவறாமல் வரும். கலகம் பில்லிசூனியத்துக்குச் சமமான பாவம் என்பது ஒன்று. 1 சாமுவேல் 15இல் இதைச் சொல்லும் சாமுவேல் எந்தக் குடிமகனையும் பார்த்துச் சொல்லவில்லை. சவுல் ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கொள்ளையில் முதல்தரமான ஆடுமாடுகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தனக்கொரு ஜெயஸ்தம்பமும் நாட்டிக்கொண்டு, கேட்டபோது பழியை ஜனங்கள்மேல் போட்ட ராஜா. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன அந்தப் போர்க் கட்டளையின் நியாயம் வேறொரு பெரிய கேள்வி, அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த இடத்தில் கலகக்காரன் என்று பெயர் வாங்கியவன் அபிஷேகம் பெற்ற தலைவன்தான்.

மற்றது, அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்பது. எத்தனை சபைகளில் எத்தனை வாய்களை அடைத்த வசனம் இது! சங்கீதம் 105ஐ நாலு வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், தேசத்துக்குத் தேசம் அலைந்துகொண்டிருந்த ஆபிரகாமின் வீட்டாரைப் பற்றிய பாட்டு. நிலமில்லாத அந்த அகதிகள்மேல் கைவைக்காதே என்று கடவுள் ராஜாக்களைக் கண்டித்தார் என்கிறது சங்கீதம். அகதிகளுக்குக் கொடுத்த பாதுகாப்பைப் பறித்து ராஜாக்களின் கையில் கொடுத்திருக்கிறோம். தாவீது சவுலின்மேல் கைபோடவில்லையே என்பார்கள். கைபோடவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. அங்கியின் தொங்கலை அறுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, குகைக்கு வெளியே நின்று, ஊர் கேட்கச் சவுலிடம் நியாயம் கேட்டான்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. பாவஞ்செய்த தூதர்கள் இருளின் சங்கிலிகளில் கட்டப்பட்டிருப்பதாக நேராகச் சொல்லும் இடங்கள் இரண்டு: 2 பேதுரு 2, யூதா. இரண்டும் யாரைக் குறித்து எச்சரிக்கின்றன? போதகர்களைக் குறித்து. பொருளாசையால், புனைந்த பேச்சுகளால் உங்களை வைத்து வியாபாரம் செய்வார்கள் என்று பேதுரு நிருபம் சொன்ன அடுத்த மூச்சில்தான் அந்தத் தூதர்களின் கதை வருகிறது. யூதாவின் நிருபம், விருந்துகளில் பயமின்றித் தங்களை மட்டும் மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைப் பற்றிப் பேசுகிறது. பிசாசுக்கும் அவன் தூதர்களுக்கும் ஆயத்தமாக்கப்பட்ட அக்கினியை மத்தேயு 25இல் இயேசு சொல்லும்போது, அதற்குள் அனுப்பப்படுபவர்கள் பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள், காவலில் இருந்தவனைப் போய்ப் பார்க்காதவர்கள். போதகரிடம் விளக்கம் கேட்டவர்கள் என்று ஒரு வரிகூட அங்கே இல்லை.

ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து அறிவிப்புகள் நடந்துகொண்டிருந்தன. முப்பது வருஷம் அரசாங்க வேலையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "பாஸ்டர், கட்டட நிதிக் கணக்கை ஒரு தடவை சபையில வாசிச்சிட்டா நல்லா இருக்கும்" என்றார். குரலில் ஒரு காரமும் இல்லை. "வாசிக்கலாம் ஐயா" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு செய்தி எசேக்கியேல் 28. பெயர் சொல்லப்படவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எல்லாரும் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்தார். சில மாதங்களில் அந்தக் குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. கணக்கு வாசிக்கப்படவே இல்லை. நேர்மையற்ற வாணிகத்தால் பரிசுத்த ஸ்தலத்தைக் கெடுத்தவனைக் கண்டிக்கும் அதிகாரத்தை, கணக்குக் கேட்டவரின்மேல் எறிந்தார்கள். இதைவிடப் பெரிய வேதப்புரட்டு எனக்குத் தெரியாது.

இங்கே எதிர்த்தரப்பின் பலமான சாட்சி ஒன்று உண்டு: கோராகு. எண்ணாகமம் 16இல் அவனும் தாத்தானும் அபிராமும் 250 தலைவர்களோடு மோசேக்கு எதிராக எழும்பினார்கள், பூமி வாய்திறந்து விழுங்கியது, அந்த 250 பேரை அக்கினி பட்சித்தது. தலைவனை எதிர்த்தவர்கள் அழிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மோசே முதலில் செய்ததைக் கவனியுங்கள். முகங்குப்புற விழுந்தார். பிறகு கடவுளிடம் சொன்னார்: இவர்களிடம் நான் ஒரு கழுதையைக்கூட வாங்கவில்லை, ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. வயதான சாமுவேலும் 1 சாமுவேல் 12இல் இதே காரியத்தைச் செய்கிறார். யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஜனங்கள் முன்னால் நின்று கேட்கிறார். கோராகை மேற்கோள் காட்ட உரிமை உள்ளவர் அந்தக் கழுதைக் கணக்கைக் காட்டிவிட்டுக் காட்டட்டும். நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு கோராகைப் பிரசங்கிப்பவர், மோசேயின் கோலை மட்டும் எடுத்துக்கொண்டு மோசேயை விட்டுவிட்டார்.

கேள்வி கேட்பது கலகம் என்றால் வேதத்தில் பாதிப் பேர் கலகக்காரர்கள். சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடமே பேரம் பேசினார், ஐம்பதிலிருந்து பத்து வரை. நீதிமான் நீர், ஆனாலும் உம்மோடு வழக்காடுவேன் என்ற பொருளில் எரேமியா பேசினார். ஆபகூக் புலம்பலிலேயே தொடங்குகிறார். யோபுவின் நண்பர்கள் கடைசிவரை கடவுளுக்காக வாதாடினார்கள், யோபு கடவுளோடு வாதாடினார். முடிவில் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை, யோபு பேசினான் என்று கடவுள் அந்த நண்பர்களைத்தான் கோபித்தார். பவுல் அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் சோதித்தார்கள், அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டுகிறது.

சாத்தானின் வீழ்ச்சியைப் பற்றி மேற்கத்திய சபை எழுதிய மிக நுட்பமான நூல்களில் ஒன்று, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்மண்டியின் பெக் மடத்தில் ஆன்செல்ம் எழுதியது. குருவும் சீடனும் பேசும் உரையாடல் அது. கடவுள் கொடுக்காததால்தானே அவன் நிலைநிற்கவில்லை, அப்படியானால் குற்றம் யாருடையது என்று சீடன் மடக்குகிறான். ஒரு பதில் முடிந்ததும் அடுத்த சந்தேகத்தைக் கொண்டுவருகிறான். குரு பொறுமையாக விளக்கிக்கொண்டே போகிறார். பிசாசின் வீழ்ச்சியையே பேசும் நூலில், கடவுளின் நீதியைப் பற்றியே கேட்ட சீடன் ஒருபோதும் பிசாசு என்று அழைக்கப்படுவதில்லை. வேறொருவருக்கும் கட்டுப்படாத சித்தம் கடவுளுக்கு மட்டுமே உரியது, அதைத் தனக்கென்று விரும்பியதே அவன் குற்றம் என்பது ஆன்செல்மின் முடிவு. இந்த அளவுகோலை ஒரு சபையில் வைத்துப் பாருங்கள். கணக்கு வாசிக்கச் சொன்ன பெரியவரா, என்னைக் கேட்பது கடவுளைக் கேட்பது என்று சொல்லும் போதகரா, யார் யாருக்கும் கட்டுப்படாத சித்தத்தை விரும்புகிறார்? வெளிப்படுத்தல் 12இல், வலுசர்ப்பம் தள்ளப்பட்டவுடன் பரலோகத்தில் எழும் சத்தம் அவனுக்கு ஒரு பட்டம் கொடுக்கிறது: இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்தினவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒரு விசுவாசியைச் சபை நடுவே குற்றவாளியாக்குகிற வேலை யாருடைய வேலை என்பதை அந்த அதிகாரத்தைப் பிரசங்கிப்பவர்கள் யோசித்ததுண்டா?

அப்படியானால் சபையில் ஒழுங்கு என்னாவது என்று கேட்பார்கள். முதல் சபையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அப்போஸ்தலர் 6இல் வரும் முறுமுறுப்பு பணமும் சோறும் சம்பந்தப்பட்டது. கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டுப்போகிறார்கள் என்பது புகார். நிர்வாகம் அப்போஸ்தலர்கள் கையில் இருந்தது, புகார் அவர்கள்மேல்தான் போய் விழுந்தது. அவர்களில் இயேசுவோடு நடந்தவர்கள் இருந்தார்கள், சாத்தான் மின்னலைப்போல விழக் கண்டேன் என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்களும் இருந்திருக்கலாம். ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்று விளக்கவுரையாளர் பலர் கொள்வது இதனால்தான். பந்தி விசாரணை அவர்கள் கைக்குப் போனது. அடுத்த வசனத்திலேயே எருசலேமில் சீடர்களின் தொகை மிகவும் பெருகியதாக லூக்கா எழுதுகிறார்.