கறிவேப்பிலைக்குப் புளித்த மோர்

கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோரை ஊற்றும் வழக்கம், தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டக்கலையின் நுட்பமான நடைமுறைகளுள் ஒன்றாகும். சுண்ணாம்பு மிகுந்த களர்பாங்கான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், அது வேர் உறிஞ்ச இயலாத வடிவில் இறுகிக் கிடப்பதால், இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பு மட்டும் வெளிறி மஞ்சளாகிவிடுகிறது. பச்சையச் சோகை எனப்படும் இக்குறை தோன்றும்போது, மோரிலுள்ள லாக்டிக் அமிலம் வேரடி மண்ணின் காரத்தன்மையைச் சற்றே தணித்து, இரும்பு கரைவதற்குத் துணைசெய்கிறது. உப்பிடாத மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்ப்பது நலம். உப்பிட்ட மோர் வேருக்குக் கேடே செய்யும்.

அரிசி களைந்த கழுநீரையும் இவ்வாறே செடிக்கு ஊற்றுவர். அதிலுள்ள மாவுச்சத்து மண்வாழ் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

வீட்டுத் தோட்டத்தின் மற்றொரு வழக்கமாக, அவரைக்கொடியின் நுனித்தண்டில் கரும்புள்ளிகளாக அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு, சலித்த விறகுச் சாம்பலை விடியற்காலையில், இலைகளில் பனி ஈரம் காயுமுன் தூவுவர். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டி நிற்கும் என்பதை அறிந்து நேரத்தைத் தேர்ந்த அக்கவனம் போற்றுதற்குரியது. ஆயினும் சாம்பல் காரத்தன்மை உடையதாகையால், மோர் ஊற்றும் கறிவேப்பிலையின் அடியில் அதைக் கொட்டினால் மோரின் பயன் கெட்டுவிடும்.