அன்னை கேட்ட வீடு

ஐந்து உயிர்கள், ஒரு சிறு குடியிருப்பு. சிறுவனுக்குப் படுக்கை கூடத்துச் சாய்விருக்கை. குளியலறையோ அண்டைக் குடும்பத்தோடு பங்கு! இதுதான் லொரைன் ஹான்ஸ்பெரி தீட்டிய 'எ ரெய்சின் இன் த சன்' காட்டும் சிக்காகோ. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதி, நியூயார்க்கின் பிராட்வே அரங்கேறிய முதல் நாடகம் இது, ஆண்டு 1959.

இறந்த கணவனின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதில் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள் அன்னை லீனா. வெள்ளையரோடு வாழும் வேட்கையாலா? இல்லை! கறுப்பருக்கென ஒதுக்குப்புறத்தில் எழுந்த வீடுகளுக்கு இரு மடங்கு விலை. விரட்ட வருகிறான் லிண்ட்னர்; கையில் கத்தி இல்லை, இதழில் புன்னகை, நாவில் பேரம்! "வாடகைக்கு வீடு" என்று பலகை மாட்டிவிட்டு, வாயிலில் சாதி கேட்கும் நம்மூர்ச் சீமான்களை நாம் அறிவோம்; லிண்ட்னர் நமக்குப் புதியவனல்லன்.

இது கற்பனைக் கண்ணீரன்று. 1937இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிய ஆசிரியரின் தந்தையை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940இல் வென்றார் அவர்.

நாடகத்தில் குறையே இல்லையா? உண்டு. தடுப்பவனை மனிதனாகக் காட்டிய ஆசிரியர், மனிதமுகமற்ற மதிலைக் காட்டவில்லை. ஒரு மனையில் ஒரே வீடு என்னும் நகர விதியே அம்மதில். 1926இல் யூக்ளிட் வழக்கில் இத்தகைய வட்டார விதிகளை ஏற்ற உச்ச நீதிமன்றம், தனிவீட்டுத் தெருவில் எழும் அடுக்ககத்தை ஒட்டுண்ணி என்றே இகழ்ந்தது!

இதன் சூது என்ன? விலையுயர்ந்த மனையில் பத்துக் குடும்பங்கள் அடுக்கி வாழ்ந்தால், நிலத்தின் விலை பத்தாகப் பிரியும். அதைத் தடுத்தால், முழு விலையும் கொடுக்க வல்லவனே உள்ளே வருவான். நிறத்தின் பெயரைச் சொல்லாமலே ஏழையை நிறுத்திவிடலாம். 1968இல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிறபேதம் பாராட்டுவது சட்டப்படி குற்றமாயிற்று; பண மதிலோ நின்றது. 2018இல்தான் மின்னியாபொலிஸ் நகர மன்றம், ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை எழ வழிவிட வாக்களித்தது. 2021இல் கலிஃபோர்னியாவும் தனிவீட்டு விதியைத் தளர்த்தியது.

மாடி உயர்ந்தால் மட்டும் போதுமா? குடியிருந்த ஏழையை விரட்டிவிட்டு எழுப்பும் மாடி, மற்றொரு மதிலே! அவனுக்கும் அதில் இடம் உறுதி செய்வது அரசின் கடன்.

லீனா புது வீட்டுக்குப் புறப்படும்போது திரை விழுகிறது. அவள் கேட்டது ஒரு வீடு. நாம் கேட்க வேண்டியதோ, எல்லோருக்கும் இடம் தரும் நகரம்!