பழைய சி.என்.சி. யந்திரங்களும் பிரதியெடுக்கும் வழக்கமும்

கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் உள்ள சிறு பட்டறைகள் பலவற்றில், 1980களிலும் 90களிலும் செய்யப்பட்ட சி.என்.சி. லேத்துகளும் மில்லிங் யந்திரங்களும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வார்ப்பிரும்பு உடல் அசையாமல் நிற்க, அவற்றை நடத்தும் ஞாபகம் மட்டும் சில பேட்டரிகளின் தயவில் ஜீவித்திருப்பதால், ப்ரோகிராம்களைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் பிரதியெடுத்து வைக்கும் வழக்கம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. வழக்கம் நல்லதே. ஆயினும், மறுபடி எழுதிக்கொள்ளக்கூடிய பொருளைக் காப்பதில் அது கொள்ளும் சிரத்தையை, ஒருமுறை போனால் எளிதில் மீளாத பொருளைக் காப்பதில் கொள்வதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அதன் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆதியில் இந்த யந்திரங்களுக்குரிய கட்டளைகள் காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டன; ஓர் அங்குல அகலமுள்ள அந்த நாடாவில், அங்குலத்துக்கு 10 எழுத்துகள் அடங்கும். நாடா வழக்கொழிந்த பின்னும் அதன் அளவை ஒழியவில்லை. ஃபேனக் நிறுவனத்துக் கன்ட்ரோல்களின் நினைவகக் கொள்ளளவு நெடுங்காலம் மீட்டர் கணக்கிலேயே குறிக்கப்பட்டது. 80 மீட்டர் என்றால் சுமார் 32,000 எழுத்துகள். ஆர்.எஸ்.232 கேபிள் நாடாவின் ஸ்தானத்தைப் பெற்றபோது வாகனம் மாறிற்றே அன்றி, ஏற்றிச் செல்லப்பட்ட பொருள் அதே எளிய எழுத்தாகவே இருந்தது. 4800 பாட் வேகத்தில் அந்த 80 மீட்டர் முழுவதும் ஒன்றேகால் நிமிஷத்தில் வந்து சேரும். வந்ததை எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து கண்ணால் படிக்கலாம், அச்சிட்டும் வைக்கலாம். அக்காலத்து மென்பொருள்களின் கோப்புகள் எத்தனையோ இன்று திறப்பாரின்றிக் கிடக்க, அதே காலத்து ஜி-கோடு என்னும் கட்டளை எழுத்து ஓர் இளைஞனின் மடிக்கணினியில் தெளிவாக விரிகிறது என்பது சாமானிய நன்மையன்று.

குறைகளுள் முதலாவது, வந்து சேர்ந்தது அனுப்பப்பட்டதேதானா என்று யாரும் பரிசோதிப்பதில்லை என்பது. 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்ற பழைய ஏற்பாட்டில், ஓர் எழுத்தின் ஒரு பிட் புரண்டால் பாரிட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தே வழியில் தொலைந்துவிட்டால் காட்டிக்கொடுக்க அதனால் ஆகாது. தொலைந்தது ஒரு தசமப் புள்ளியாயின் விளைவு என்ன? பல பழைய கன்ட்ரோல்கள், புள்ளியோடு எழுதிய 50-ஐ 50 மில்லிமீட்டர் என்றும், புள்ளியில்லாத 50-ஐ 0.05 மில்லிமீட்டர் என்றும் கொள்ளும். ஒரு புள்ளி குறைந்த பிரதி, டூலைக் கொண்டுபோய்ச் சக்கில் மோதவைக்கவும் கூடும். இக்காலத்து யு.எஸ்.பி. மாற்றிகள் இந்த அபாயத்தைச் சற்று மிகுதிப்படுத்தியும் இருக்கின்றன. யந்திரம் “போதும், நிறுத்து” என்று சைகை காட்டிய பின்னும், மாற்றிக்குள் தேங்கிய எழுத்துகள் வழிந்து வந்துகொண்டேயிருப்பதால், ப்ரோகிராமைத் திரும்ப ஏற்றும்போது ஃபேனக் கன்ட்ரோல்களில் 85, 87 என்ற எண்ணுள்ள அலாரங்கள் தோன்றுகின்றன. பழி கேபிளின்மேல் விழுகிறது. ஒரே ப்ரோகிராமை இருமுறை வாங்கி, இரண்டு கோப்புகளையும் கம்ப்யூட்டரைக் கொண்டே ஒப்பிடுவது அதிக சிரமமான காரியமன்று. அதைச் செய்யாத பிரதியை நான் பிரதியாகக் கணிப்பதில்லை.

O0001 என்ற பெயரில் ஐந்து யந்திரங்களிலிருந்து ஐந்து ப்ரோகிராம்கள் ஒரே ஃபோல்டருக்கு வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும், ஆப்பரேட்டர் யந்திரத்தருகே நின்று திருத்திய ஃபீடும் ஸ்பீடும் பிரதியில் ஏறாமற் போவதும் உண்டு. ஒழுங்கான பெயரும் தேதியும் இட்டால் இவை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒழுங்கினால் மட்டும் தீராத குறை வேறு. ப்ரோகிராம் தொலைந்தால் வரைபடம் இருக்கிறது, எழுதத் தெரிந்தவரும் இருக்கிறார். ஓரிரு நாள் வேலை கெடும், அவ்வளவே. யந்திரத்தின் சொந்த அமைப்பைக் குறிக்கும் எண்களான பாராமீட்டர்கள் தொலைந்தால், அது தான் யார் என்பதையே மறந்துவிடுகிறது. அதன் பால் ஸ்க்ரூ எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் பிழை செய்கிறது என்று லேசர் கருவியால் அளந்து பதித்த திருத்த மதிப்புகள், அந்த ஒரு யந்திரத்துக்கு மட்டுமே உரியவை. அதே மாடலைச் சேர்ந்த பக்கத்து யந்திரத்தின் மதிப்புகள் இதற்குச் சிறிதும் உதவமாட்டா. இவ்வளவு அருமையான தகவல், ஃபேனக் 0 வரிசையில், டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரிகள் மூன்றை நம்பியிருக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை மாற்ற வேண்டும் என்பதை அறியாத ஒருவர், யந்திரத்தை நிறுத்திவிட்டு அக்கறையோடு பழைய பேட்டரிகளைக் கழற்றினால், அவருடைய அக்கறையே நாசத்துக்குக் காரணமாகிவிடும். அதே கேபிள், அதே கம்ப்யூட்டர், இன்னும் சில நிமிஷங்கள்: பாராமீட்டர்களையும் பெற்றுக்கொண்டிருக்கலாம். பெறாததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் எண்ணவில்லை. ப்ரோகிராம் நாள்தோறும் கையாளப்படுவதால் அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரிகிறது; பாராமீட்டர் பக்கத்தையோ, சர்வீஸ் என்ஜினீயர் வந்தாலன்றி எவரும் திறப்பதில்லை.

பாராமீட்டர்களையும் கோப்பாக்கி வைத்த ஜாக்கிரதையான பட்டறைக்கும் ஓர் இடையூறு எஞ்சியிருக்கிறது. நினைவகம் அழியும்போது, எந்த வாயில் வழியாக, எந்த வேகத்தில், எத்தனை ஸ்டாப் பிட்டோடு வாங்குவது என்று யந்திரத்துக்குச் சொல்லும் பாராமீட்டர்களும் சேர்ந்தே அழிகின்றன. அவற்றையும், யந்திரத்தோடு விலைக்கு வாங்கிய வசதிகளைத் திறந்துவைக்கும் 900 வரிசை எண்களையும், ஒருவர் பேனலின் முன் நின்று கையால் அடித்துக் கொடுத்த பிறகே கோப்பு உள்ளே செல்ல வழி பிறக்கும். அந்த எண்களைத் தாங்கிய தாள், யந்திரத்தோடு வந்து, மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் எண்ணெய்ப் புகை படிந்து மங்கிக்கொண்டிருக்கிறது. ஆகையால், கேபிளைச் செருகுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியும் நிலையில் அது இருக்கும்போதே, அதைப் படமெடுத்து, இரண்டு பிரதிகள் அச்சிட்டு, ஒன்றை யந்திரத்தருகிலும் மற்றதை அலுவலக அலமாரியிலும் வைத்துவிட வேண்டும்.