பிரஷரைக் குறைப்பது செயலியா?

வயதான பெற்றோரின் கைப்பேசியில் பிரஷர் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குத் திரும்பும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுடைய அக்கறையில் குறையில்லை. மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கும், அளவைக் குறித்துவைக்கும், வரைபடம் போட்டுக் காட்டும் செயலியால் பிரஷர் குறைகிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் மெடிசேஃப் என்ற நினைவூட்டல் செயலியை 411 பேரிடம் 12 வாரங்கள் சோதித்தார்கள். முடிவுகள் 2018இல் வெளியாயின. செயலியைப் பயன்படுத்தியவர்கள் தாங்களே சொன்னபடி, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவது சற்றுக் கூடியது. பிரஷரோ, செயலி இல்லாதவர்களுக்குக் குறைந்த அளவுதான் இவர்களுக்கும் குறைந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. மணியடிப்பது மறதிக்குத்தான் மருந்து. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியதால் மாத்திரையை நிறுத்திவிட்ட அம்மாவுக்கு அது உதவாது. மருந்தின் அளவே போதாத அப்பாவுக்கும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது அளவுகளைப் பார்த்து மருந்தை மாற்றும் மருத்துவர்.

அதே 2018இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் மெக்மேனஸ் குழு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பிரிட்டனில் 1,182 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டிலேயே பிரஷர் பார்த்துத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. ஓராண்டு கழித்து மேல் அளவின் சராசரி, தாள் பிரிவில் 137, கைப்பேசிப் பிரிவில் 136, வழக்கமான சிகிச்சையில் 140.4. கைப்பேசிப் பிரிவில் பலன் சற்று விரைவாகத் தெரிந்தது என்பது உண்மை; அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஓராண்டில் தாளும் கைப்பேசியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வீட்டில் எடுத்த அளவு மருத்துவர் கண்ணுக்குப் போனதும், அவர் அதைக் கொண்டு மருந்தை மாற்றியதும்தான் இரண்டுக்கும் பொது.

பயனின்மையை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்வதாக விற்கப்பட்ட 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' செயலி, உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு அளவு சரியாக இருப்பதாகக் காட்டியது என்று 2016இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. அந்த ஆண்டே அமெரிக்க வணிக ஆணையம் அதை உருவாக்கிய நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. பொய்யான நிம்மதி பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

முதுமைக்கென்று வேறு கவலைகளும் இருக்கின்றன. எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். உட்கார்ந்து எடுத்த ஒற்றை எண் அதைக் காட்டாது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்குக் கருவியின் அளவே ஏறி இறங்கும். பொடி எழுத்து, ஆங்கிலத் திரை பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே செயலி முதியவர் கையில் இருப்பதை விடச் சுகாதாரப் பணியாளர் கையில் இருப்பதே மேல் என்பேன். பஞ்சாப், மகாராஷ்டிர அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் பயன்படுத்தும் 'சிம்பிள்' செயலி அப்படிப்பட்டது. குறித்த நாளில் வராத நோயாளி யார் என்று அது காட்டும். செவிலியர் அவரைத் தொலைபேசியில் அழைப்பார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு ஒரு மனிதரே வீட்டு வாசலுக்கு வருகிறார். செயலிக்குச் செலவிடும் பணம் இத்தகைய மனிதர்களின் வேலையை எளிதாக்கப் போக வேண்டும்.

பெற்றோருக்குச் செயலி வாங்கித்தர நினைப்பவர்கள், முதலில் மேல்கையில் கட்டும் நல்ல கருவி ஒன்றை வாங்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் அளவெடுக்கச் சொல்லிக்கொடுங்கள். எண்களைச் செயலியிலோ நோட்டிலோ குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.