அந்நியர் உள்ளே வரக்கூடாது

தாலுகா ஆபீஸ், மின்வாரியம், பத்திரப் பதிவு ஆபீஸ்... ஏதாவது ஒரு கதவில் இந்த போர்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'அந்நியர் உள்ளே வரக்கூடாது.' வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமான பிறகு அரசாங்க ஆபீசில் யார் சார் அந்நியர்?

நீங்கள் உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் அப்பா பெயர் தப்பு. தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாயிற்று. 'நாளைக்கு வா' தீரவில்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறி காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறீர்கள். வாசலில் போலீஸ் உங்கள் மஞ்சப் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறது.

இந்தச் சோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, தீயில் கருகியதை யாரும் மறக்க முடியாது. பலமுறை மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. பையைச் சோதிப்பவர்கள் பழைய மனுக்களையும் கொஞ்சம் சோதித்தால் தேவலை.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். மனுவை வாங்காமலே 'கிளம்பு' என்கிறார்கள். பதில் சொல்லும் வரை போக மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டால்? அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அத்துமீறி நுழைதல். 1860ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 441வது பிரிவு. குற்றம் செய்யும் எண்ணத்தோடு அடுத்தவர் இடத்தில் நுழைந்தால் குற்றம். அது நியாயம். மிரட்ட, அவமானப்படுத்த நுழைந்தாலும் குற்றம். அதுவும் சரி. அடுத்து வருகிறது ஒரு சின்ன வார்த்தை: அந்த இடத்தில் இருப்பவருக்கு 'எரிச்சல்' உண்டாக்கும் எண்ணம். முறைப்படி நுழைந்தவர்கூட அந்த எண்ணத்தோடு சட்டவிரோதமாக அங்கேயே தங்கினால் அத்துமீறல்தான். வாசலில் வந்து நிற்கும் குடிமகனைப் பார்த்தாலே எரிச்சல் வரும் அதிகாரிகளை நமக்குத் தெரியாதா?

அடிமைக்காலச் சட்டத்தைத் தூக்கி எறிகிறோம் என்று மத்திய அரசு 2023ல் பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது. 441 இப்போது 329. எரிச்சல் பத்திரமாக இருக்கிறது. மூன்று மாதச் சிறையும் அப்படியே. அபராதம் மட்டும் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை ஏறிவிட்டது. சட்டம் அமலுக்கு வந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் நிறைவேறிய கதைதான் விசேஷம்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி உத்திரமேரூரைப் புகழ்ந்து பேசினார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு நம் ஜனநாயகத்தின் பெருமை என்றார். (கால் வேலி நிலம் இல்லாதவனுக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பது வேறு விஷயம்.) 2023 மே 28ல் கட்டடம் திறந்தார்கள். டிசம்பர் 13ல் இரண்டு இளைஞர்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து சபைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். 2001ல் நாடாளுமன்றத்தைத் தாக்கிய அதே தேதி. செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. அவர்கள் மீது அத்துமீறல் வழக்கோடு நிற்காமல், பயங்கரவாதிகளுக்கான 'உபா' சட்டமும் பாய்ந்தது.

பாதுகாப்பு எப்படிக் கோட்டை விட்டது, உள்துறை அமைச்சர் சபைக்கு வந்து விளக்கம் சொல்லட்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கோஷம் போட்டார்கள், பதாகை பிடித்தார்கள். இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் சஸ்பெண்ட்! முதல் நாள் பட்டியலில் சேலம் தி.மு.க. எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் இருந்தது. மனுஷன் அன்று சபையிலேயே இல்லை. பிறகு பெயரை எடுத்தார்கள். இல்லாத இடத்தில் அமளி செய்த ஒரே எம்.பி. அவராகத்தான் இருக்கும்.

சஸ்பெண்ட் ஆனவர்கள் சபை, லாபி, மாடம் எதிலும் நுழையக்கூடாது என்று சுற்றறிக்கையும் போட்டார்கள். மக்களவை விதிகளில் 386வது விதி, பார்வையாளராக வரும் உங்களையும் என்னையும் 'அந்நியர்' என்றுதான் குறிப்பிடுகிறது. நாம் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்களும் நம்மோடு வந்து வாசலில் சேர்ந்துகொண்டார்கள். டிசம்பர் 20ல் மக்களவை, 21ல் மாநிலங்களவை, 25ல் ஜனாதிபதி கையெழுத்து. நாட்டின் மொத்தக் குற்றவியல் சட்டமும் மாறிவிட்டது. 'எரிச்சல் என்ற வார்த்தை இன்னும் எதற்கு?' என்று கேட்டிருக்கக்கூடிய பலர் அப்போது வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. ஜனாதிபதி இருக்கும் இடம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களில் நுழைவது பற்றிய சட்டத்தில் 'வேண்டுமென்றே, தெரிந்தே' என்று இருந்ததை, 2012 மார்ச்சில் வெறும் 'தெரிந்தே' என்று சுருக்கினார்கள். கீழ்சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மூன்றே பேர். ஒபாமா கையெழுத்துப் போட்டார். ஆர்ப்பாட்டக்காரர்களை உள்ளே தள்ள வழி என்று மனித உரிமைக்காரர்கள் கத்தினார்கள். 2021 ஜனவரி 6ல் நாடாளுமன்றக் கட்டடத்தை உடைத்துக்கொண்டு நுழைந்த கும்பல் மீதும் அதே சட்டத்தில்தான் வழக்கு போட்டார்கள். சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்தைக் காக்க வேண்டும். ஆனால் உடைக்க வந்தவனுக்கும் கேட்க வந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 'வேண்டுமென்றே'யில் இருக்கிறது. எழுதும்போதே அதை எடுத்துவிட்டால் எப்படி?

நம் நீதிமன்றங்களுக்கு இது புரிந்திருக்கிறது. எரிச்சலூட்டுவதே நுழைந்ததன் நோக்கம் என்று நிரூபிக்க வேண்டும், எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது என்று உச்சநீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் செல்போனில் படம் எடுத்தார் என்று மகாராஷ்டிராவில் ஒருவர் மீது அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு போட்டார்கள். உளவாளிகளுக்கு 1923ல் வந்த சட்டம் அது! போலீஸ் ஸ்டேஷன் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்ற பட்டியலிலேயே இல்லை என்று 2022ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. நான்கு வருஷம் அலைந்த பிறகு.

தீர்ப்பு கோர்ட்டில் இருக்கிறது. உங்களை நிறுத்துபவர் வாசலில் இருக்கிறார். அவருக்கு அந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டுவது யார்? எரிச்சல் என்ற சொல்லைப் பொது அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி திருத்தம் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. சஸ்பெண்ட் ஆகாத எந்த எம்.பி.யும் செய்யலாம்.

அதுவரை, 'உள்ளே விட முடியாது' என்று சொன்னால், எந்த உத்தரவு, என்ன தேதி, யார் கையெழுத்து என்று கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் ஆகும். அதைத் தபாலில் அனுப்பலாம், வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.