தமிழ்த் திருச்சபையின் ஸ்தோத்திரப் பாடல்கள்

தமிழ்க் கிறிஸ்தவரிடையே 'ஸ்தோத்திரம்' என்ற ஒரு சொல்லே துதிக்கும் நன்றிக்கும் வணக்கத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. வழியில் சந்திக்கும்போது கைகூப்பிச் சொல்வதும் அதுவே, ஆராதனையில் பாடுவதும் அதுவே. அதனால் மனதாரத் தொழுவது எப்படி என்ற கேள்வி, தமிழ்ச் சபைகளில் எந்த மெட்டில் பாடுவது என்ற கேள்வியாகவே பெரும்பாலும் எழுந்திருக்கிறது.

முதலில் வந்தது ஞானப்பாட்டு. 1706இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பின் லுத்தரன் ஆலயங்களில் ஜெர்மன் மெட்டுகள் தமிழ்ச் சொல்லுடன் ஒலிக்கத் தொடங்கின. வேப்பேரியில் பணியாற்றிய மிஷனெரி பப்ரிஷியஸ் பல பாடல்களை மொழிபெயர்த்தார். பொருளில் குறையில்லை, இடர்ப்பாடு ஓசையில்தான். ஐரோப்பிய மெட்டு அசையழுத்தத்தில் நடப்பது; தமிழ் யாப்போ குறிலும் நெடிலுமாக அளப்பது. குறில் நீண்டும் நெடில் குறுகியும் போன வரிகள் இன்றைய ஞானப்பாட்டுத் தொகுப்பான பாமாலையிலும் உண்டு. பழக்கத்தால் அவையும் இனிக்கின்றன.

மெட்டுக்கும் யாப்புக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). பாளையங்கோட்டையில் பிறந்து மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற இவர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் நட்பைப் பெற்றவர். தஞ்சையில் அன்று செழித்திருந்த பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பையும் குறவஞ்சி நாடகத்தையும் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கீர்த்தனையில் நன்றி வளரும் முறை வேறு. பெற்ற நன்மையைச் சரணந்தோறும் எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு முறையும் பல்லவிக்குத் திரும்புவதால் ஒரே துதிவரி புதுப்புதுக் காரணத்தோடு வாயில் வருகிறது. இங்கு அளவுகோல் ராகபாவமும் உருக்கமும்.

1820களில் வந்த இளைய மிஷனெரிகள் இந்த இசையை ஆலயத்தில் தடுத்தபோது சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதே எழுத்துகளில், சாதி வேறுபாட்டைக் கைவிடும்படி மிஷனெரிகள் சொன்னதையும் அவர் குறையாகக் கூறினார். அதை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் இசை வழக்கில் காலம் அவர் பக்கமே நின்றது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு வெளியிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் பெரும் இடம் பெற்றன. இன்று பாமாலையையும் கீர்த்தனையையும் சபையார் ஒரே ஆராதனையில் பாடுகின்றனர்.

பெயர் ஒற்றுமையால் சாஸ்திரியாரோடு குழப்பிக்கொள்ளப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க பொதுத் துதி. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய மனோகரம்' தேவார மரபின் கனிவை ஏற்றது. வைணவக் குடும்பத்தில் பிறந்தவருக்குப் பக்திப்பாட்டின் நெகிழ்ச்சி புதிதன்று.

கத்தோலிக்க மரபில் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' போன்ற உயர்ந்த இலக்கியம் இருந்தும், திருப்பலி லத்தீனிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு இடமளித்த பின்னரே தமிழ்ப் பாடல் பீடத்தருகே வந்தது. பெந்தெகொஸ்தே சபைகளில் புத்தகத்தைவிடக் கைத்தட்டலுக்கும் திரும்பத் திரும்பப் பாடும் சிறு பல்லவிக்கும் மதிப்பு அதிகம். இலக்கணம் தேடுவோர் அங்கே ஏமாறலாம், கண்ணீர் தேடுவோர் ஏமாறுவதில்லை.

நன்றி பாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. வீட்டில் உலைவைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்துச் சேர்த்துப் படைப்பது பழைய வழக்கம். திருநெல்வேலிப் பகுதியின் ஸ்தோத்திரப் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் சேவலும் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் அவை ஏலம் விடப்படும். தான் படைத்த தேங்காயைத் தானே கூடுதல் விலைக்கு ஏலத்தில் எடுத்துப் போகிறவர்களும் உண்டு.