கரு கிடைத்த கடற்கரை

சிறுகதைக் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘இந்தக் கதைக்கான கரு உங்களுக்கு எங்க கிடைச்சது?’ எழுத்தாளர் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு ஒரு பேருந்துப் பயணத்தையோ செத்துப்போன பாட்டியையோ சொல்வார். கூட்டம் தலையாட்டும். அந்தப் பதிலும் ஒரு கதைதான், அதுவும் மூலக்கதை முடிந்தபிறகு எழுதப்பட்ட கதை என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

தமிழில் இந்த வகைப் பதில்களுக்கெல்லாம் தாத்தா ஒருவர் மாமல்லபுரத்தில் இருக்கிறார். ‘சிவகாமியின் சபதம்’ முன்னுரையில் கல்கி சொல்வது நினைவிருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ரசிகமணி டி.கே.சி.யோடு அந்தக் கடற்கரையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தார். பல்லவர் காலத்து மனிதர்கள் மனக்கண்முன் எழுந்து வந்தார்கள். நூலின் வித்து அங்கே விழுந்தது. அது நாவல், சிறுகதை இல்லைதான். ஆனால் இன்று சிறுகதையாளர்கள் சொல்லும் தோற்றக்கதைகளும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன: ஓர் இடம், ஒரு துணை, ஒரு மின்னல்.

மின்னல் வந்ததில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என்னை உறுத்துவது அந்தப் பன்னிரண்டு வருடம். அதற்குள் கல்கி விகடனை விட்டு வெளியே வந்து, 1941இல் சதாசிவத்தோடு சொந்தப் பத்திரிகை தொடங்கிவிட்டார். ‘பார்த்திபன் கனவு’ எழுதி முடித்துவிட்டார். வரலாற்று வரிசையில் ‘சபத’த்துக்குப் பின்னால் நடக்கும் கதை அது, எழுதப்பட்டதோ முன்னால். நரசிம்மவர்மரோடு ஒரு நாவல் முழுக்க நடந்து பழகிய பிறகுதான் சிவகாமி வருகிறாள். பல்லவர் வரலாறே அந்தக் காலத்தில்தான் துலங்கிக்கொண்டிருந்தது. ழூவோ துப்ரேயின் ஆய்வுகள் வந்திருந்தன. காஞ்சிப் பல்லவர் பற்றிய ஆர். கோபாலனின் நூல் 1928இல் வெளியாகியிருந்தது. பரஞ்சோதி வாதாபிக்குப் படையோடு போன செய்தி பெரியபுராணத்திலேயே உண்டு. இத்தனையும் சேர்ந்து, 1944 முதல் வாராவாரம் அச்சுக்கூடத்துக்குப் பக்கம் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியில் அந்த நாவல் உருவானது. முன்னுரையைப் படித்த நமக்கு நினைவில் நிற்பதென்னவோ கடற்காற்று மட்டும்தான்.

புதுமைப்பித்தன் இதற்கு நேர் எதிர். தன் கதைகளைப் பற்றிப் பேசும்போது கிண்டலும் அலட்சியமுமாக, ஏதோ பத்திரிகை அவசரத்துக்குக் கிறுக்கிக் கொடுத்ததுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இளம் எழுத்தாளர்களுக்கு இந்தத் தோரணை ரொம்பப் பிடிக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டு காலச்சுவடு வெளியீடாக ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பில் பாடவேறுபாடுகளைப் பாருங்கள். இதழில் வந்த வடிவமும் நூலில் ஏறிய வடிவமும் எங்கெங்கே மாறுகின்றன என்று தெரியும். அலட்சியக்காரன் செய்கிற வேலையா அது? கல்கியின் மின்னல் எப்படி ஒரு வேடமோ, புதுமைப்பித்தனின் அலட்சியமும் அப்படியே. இரண்டும் உழைப்பை மறைக்கின்றன.

அவருடைய ‘சிற்பியின் நரகம்’ இந்த விஷயத்தில் அவரைவிட நேர்மையானது. சாத்தன் வடித்த சிலை கோயிலுக்குள் போகிறது. அவன் கனவில் வருகிற கூட்டம் இருட்டில் நின்றபடி தனக்கு மோட்சம் கேட்கிறது. சிலையை ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பக்தியைப் பற்றிய கதையாகவே அதை வாசித்துப் பழகிவிட்டோம். ‘கரு எங்கே கிடைத்தது’ என்று கேட்கிற நம்மைப் பற்றிய கதையாகவும் எனக்கு அது படுகிறது. உந்துதல் என்ற சாமியைக் கும்பிடுகிற அவசரத்தில் கல்லைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

கல்லைப் பார்க்க மாமல்லபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. ‘இன்ஸ்பிரேஷனுக்காக’ அங்கே போகும் நண்பர்களிடம் கடற்கரைக் கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் முடியாத வேலைகளைப் பாருங்கள். தர்மராஜ ரதத்தை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். மேல்தளங்கள் நிறைவாக இருக்க, கீழ்த்தளம் பாதியில் நிற்கிறது. அர்ச்சுனன் தபசு போலவே இன்னொரு புடைப்புச் சிற்பம் அரைகுறையாக விடப்பட்டிருக்கிறது. சில பாறைகளில் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டங்களைத் தட்டிப் பெயர்த்த தடம் இன்னும் அழியவில்லை. முடிந்த சிற்பம் மறைத்துவிடுவதை முடியாதது காட்டிக் கொடுக்கிறது: எங்கே தொடங்கினார்கள், எந்த வரிசையில் போனார்கள், எங்கே கை நின்றது.

இது ரசனை சார்ந்த சின்ன விஷயமாகத் தோன்றலாம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிறுகதைப் பட்டறையில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், கல்கியின் முன்னுரை பற்றிய பேச்சு முடிந்ததும் சொன்னாள்: “எங்க வீட்ல கடற்கரைக்கு உக்கார யாரும் போமாட்டோம் சார். வலை பிரிக்கத்தான் போவோம். அங்க எனக்கு ஒண்ணும் தோணினதே இல்ல.” அதனால் தனக்கு எழுத்து வராது என்று அவளே முடிவுகட்டியிருந்தாள். மின்னல் கதைக்கு ஓய்வான ஒரு மாலை வேண்டும், பேசிக்கொண்டிருக்க ஒரு ரசிகமணி வேண்டும். செங்கல் சூளையில் வளர்ந்தவருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கும் அது எப்போது வாய்க்கும்? தோற்றக்கதையை உண்மையென்று நம்பினால், எழுத வேண்டியவர்களே வாசலில் நின்றுவிடுவார்கள்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். முதல் வடிவத்தில் என்ன இருந்தது? எதை வெட்டினீங்க? எந்த வரியில மாட்டிக்கிட்டு எத்தனை நாள் விட்டு வெச்சீங்க? இவற்றுக்கு வரும் பதில் அழகாக இருக்காது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் வீட்டுக்குப் போய் முயன்று பார்க்க அதில் ஏதாவது இருக்கும்.

அந்தப் பெண் மறுநாள் மூன்று பக்கம் எழுதி வந்தாள். வலை பிரிக்கும்போது அம்மாவும் சித்தியும் போடும் சண்டை. மூன்றாம் பக்கத்தில் சண்டை பாதியில் நிற்கிறது. ஏன் அங்கே நிறுத்தினாள் என்பதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம்.